பச்சை லைட்டும் ஒரு கேன் தண்ணீரும்

போன இதழில் எடிட்டர் தம்பி, "ஃபைனல் இயர் அண்ணாக்கள் யாராவது ப்ராஜெக்ட் பத்தி எழுதுங்க. ரிப்போர்ட் மாதிரி வேண்டாம், புரியற மாதிரி" என்று கேட்டிருந்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன் நான். தமிழில் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. அதனால் பேச்சு பாதி, எழுத்து பாதி கலந்துதான் வரும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

விஷயம் இதுதான். ஒரு கிராமத்தில் சின்னதாக ஒரு குடிநீர் பிளான்ட் இருக்கு. ஊர்க்காரங்களே நடத்தறாங்க. இருபது லிட்டர் கேன் அஞ்சு ரூபாய். அது வருஷக்கணக்கில் நிற்காமல் ஓடணும், தண்ணியும் நல்ல தண்ணியா இருக்கணும். இதுக்கு என்னென்ன வேணும்? "ஒரு நல்ல ஆர்.ஓ. மெஷின் வேணும்" என்று நீங்க சொன்னால், போன வருஷம் எங்க டீமும் அதையேதான் சொன்னது. எங்க டீம் என்றால் மூணு பேர். நான் ஈ.சி.இ., ஒரு நண்பன் மெக்கானிக்கல், ஒரு தோழி சிவில்.

முதல்ல தண்ணியைத் தெரிஞ்சுக்கணும்

நாங்க போன ஊர் தருமபுரி மாவட்டத்தில் இருக்கு. பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்திலிருந்து வரும் நண்பர்கள் உங்க கிளாஸிலும் இருப்பாங்க. சிலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். சரியாகப் பல் விளக்காததால் வந்தது இல்லை அது. சின்ன வயசில் குடித்த தண்ணியில் இருந்த ஃப்ளோரைடு. அந்த ஊர்ப் பாறையில் ஃப்ளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கு. ஆழமாகப் போர் போடப் போட, பாறையோடு ரொம்ப நாள் ஒட்டிக் கிடந்த தண்ணி மேலே வருது, கூடவே ஃப்ளோரைடும் வருது. அளவு கூடி, வருஷக்கணக்கில் குடித்தால் பல்லோடு நிற்காது, எலும்பிலும் படியும். மூட்டு இறுகும், முதுகு வளையும். அந்த ஊரில் ஒரு தாத்தா எங்களை நிமிர்ந்து பார்க்க முடியாமல், கழுத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிப் பேசினார். வந்த பிறகு அதைத் திருப்பி எடுக்க மருந்து கிடையாது.

நம்ம நாட்டுக் குடிநீர்த் தரம் ஐ.எஸ்.10500. அதில் ஃப்ளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம். வேற தண்ணியே கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் 1.5தான். இந்த ரெண்டு எண்ணையும் மனசில் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இன்னொண்ணு. ஃப்ளோரைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, இந்த அளவுகளில் ருசியும் தெரியாது. கொதிக்க வெச்சாலும் போகாது. தண்ணி ஆவியாகிக் குறையும், ஃப்ளோரைடு அப்படியே நிற்கும். அதனால் கொதிக்க வெச்ச தண்ணியில் அது லிட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். எங்க அம்மா எல்லாத் தண்ணிக்கும் சொல்லும் ஒரே வைத்தியம் கொதிக்க வைக்கிறதுதான், அது இங்கே செல்லாது.

அரசு இதுக்கு என்ன செய்தது என்று கேட்பீங்க. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். அதோட முழுப் பெயரிலேயே 'ஃப்ளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு' என்று இருக்கு. ஜப்பானின் ஜைக்கா கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டி, 2013-ல் திறந்தாங்க. காவிரித் தண்ணியை தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் கொண்டு போகுது. நிலத்தடித் தண்ணியைச் சுத்தம் பண்ணுவதை விட, ஃப்ளோரைடு இல்லாத ஆற்றுத் தண்ணியைக் குழாயில் கொடுப்பதுதான் நேரான வழி, அதில் எனக்கு சந்தேகமே இல்லை. பின்னே கேன் பிளான்ட் எதுக்கு? குழாயில் தண்ணி வராத நாளிலும் மனுஷன் தண்ணி குடிக்கணும் இல்லையா? அன்னிக்குப் பக்கத்தில் இருப்பது போர்தான். அந்த இடைவெளியில்தான் இந்த பிளான்ட் நிற்குது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும். குளிக்க, துணி துவைக்க, மாட்டுக்கு எல்லாம் உப்புத் தண்ணியே போதும்.

பூட்டினது ஒண்ணு, ஓடுறது ஒண்ணு

அந்த ஊரில் ரெண்டு பிளான்ட் இருந்தது. முதலாவது பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் இருக்கும் ஷெட். யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பெரிய போர்டு, காயின் போடும் மெஷின். நாங்க போனப்போ பூட்டில் துரு ஏறியிருந்தது. கதவு இடுக்கு வழியா மொபைல் டார்ச் அடிச்சுப் பார்த்தோம். மெஷினில் ஒரு கீறல் கூட இல்லை. "ஏன் நின்னுச்சு?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். மோட்டார் போச்சு, கரண்ட் பில் யாரும் கட்டலை, சாவி யார்கிட்டன்னு தெரியலை. மூணுமே உண்மையா இருக்கலாம்.

ரெண்டாவதை நடத்தறவங்க ஒரு அக்கா. மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் எடுத்து, நகையையும் வெச்சு, தன் வீட்டுத் திண்ணையை ஒட்டி ஒரு தகர ஷெட்டில் போட்டிருக்காங்க. மணிக்கு 500 லிட்டர் எடுக்கிற பிளான்ட். காலையில் வீட்டுக்காரர் டி.வி.எஸ். எக்ஸெல்லில் ரெண்டு பக்கமும் கேன் கட்டிக் கொண்டு போய்ப் போடுவார். மத்தவங்க குடத்தோடு வந்து பிடிச்சுட்டுப் போவாங்க. சீல் வெச்சு விற்றால் அது பேக்கேஜ்டு குடிநீர் ஆகிவிடும், அதுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம், ஆய்வு எல்லாம் தனி. இது அவங்கவங்க பாத்திரத்தில் பிடிச்சுக் கொடுக்கிற வியாபாரம்.

மெஷின் எப்படி வேலை செய்யுது என்பதைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன், உங்க டெக்ஸ்ட் புக்கில் இதுக்கு மேலேயே இருக்கு. போர் தண்ணி முதல்ல மணல் ஃபில்டர், அப்புறம் கரி ஃபில்டர், அப்புறம் 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் வழியாப் போகும். சுண்ணாம்பு படியாமல் இருக்க ஆன்டிஸ்கேலன்ட் என்று ஒரு மருந்து சொட்டுச் சொட்டாச் சேரும். பிறகு ஹை பிரஷர் பம்ப் தண்ணியை ஆர்.ஓ. மெம்பரேனுக்குள் தள்ளும். உள்ளே போனதில் ஒரு பங்கு நல்ல தண்ணியா வரும், மீதி உப்பையும் ஃப்ளோரைடையும் சுமந்துகிட்டு வேஸ்ட் லைனில் போகும். கடைசியில் யு.வி. லைட். இவ்வளவுதான்.

இதே மெஷின்தான் பூட்டிய ஷெட்டிலும் இருந்தது.

அஞ்சு ரூபாய்க் கணக்கு

இங்கே கொஞ்சம் பொறுமை வேணும். ஒரு பேப்பர் எடுத்து நீங்களும் கூடவே போட்டுப் பாருங்க. நாங்க அங்கே கேட்ட விலைகளைச் சுற்று எண்ணாக்கித் தர்றேன். உங்க ஊரில் மாறும், ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

மாசாமாசம் எத்தனை கேன் விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகிற செலவு: ஆபரேட்டர் சம்பளம் 9,000. இடம், சுத்தம், தண்ணி டெஸ்ட் எல்லாம் சேர்த்து 1,000. பம்ப், மோட்டார் ரிப்பேருக்கு ஒதுக்கி வைக்க 1,000. ஆக 11,000 ரூபாய். "அக்கா தன் பிளான்ட்தானே, சம்பளம் எதுக்கு?" என்று என் நண்பன் கேட்டான். நம்ம ஊரில் வீட்டுப் பெண்கள் வேலைக்கு விலை போடாமலேயே எல்லாக் கணக்கையும் லாபத்தில் காட்டுவாங்க. அந்தத் தப்பை நாம பண்ண வேண்டாம். காலை அஞ்சரையிலிருந்து பத்து வரை, சாயங்காலம் மறுபடியும், அவங்க அங்கே நிற்கிறாங்க. அதுக்குக் கூலி வரலைன்னா ஒரு நாள் அவங்க பூக்கட்டும் வேலைக்கோ, ஓசூர் கம்பெனி வேனிலோ போயிடுவாங்க. பிளான்ட் பூட்டிக்கும்.

அடுத்து, ஒவ்வொரு கேனுக்கும் ஆகிற செலவு. கரண்ட் சுமார் 83 பைசா. கார்ட்ரிட்ஜும் மருந்தும் 42 பைசா. மெம்பரேன் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற 30,000 ரூபாய் ஆகும் என்று வெச்சு, மாசம் 3,600 கேன் ஓடினால், கேனுக்கு 35 பைசா. கூட்டினால் 1 ரூபாய் 60 பைசா.

விலை 5 ரூபாய். அதில் 1.60 போனால் கையில் நிற்பது 3.40. மாசச் செலவு 11,000-ஐ 3.40-ஆல் வகுத்தால் 3,235 கேன். அதாவது ஒரு நாளைக்கு 108 கேன் விற்றால்தான் கைக்கும் வாய்க்கும் சரியா இருக்கும். இதில் பிளான்ட் வாங்கின கடன் சேரவே இல்லை. ஷெட்டோடு அஞ்சு லட்சம், பத்து சதவீத வட்டி, அஞ்சு வருஷம் என்றால் மாசத் தவணை 10,600 ரூபாய். அதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 212 கேன் போகணும். அந்த ஊரில் மொத்தம் முன்னூறு வீடுதான். மூணில் ரெண்டு வீட்டுக்கு மேல் தினமும் ஒரு கேன் வாங்கினால்தான் கடன் அடையும். அக்கா விற்றது கோடையில் 120, மழைக்காலத்தில் 60, 70.

இப்போ விலையை 2 ரூபாய் என்று மாற்றிப் போட்டுப் பாருங்க. கேனுக்கு நிற்பது 40 பைசா. நாளைக்கு 900 கேனுக்கு மேல் போகணும், முன்னூறு வீட்டு ஊரில். நடக்கிற காரியமா? ஆந்திராவில் 2014-ல் என்.டி.ஆர். சுஜலா என்ற பெயரில் 20 லிட்டர் 2 ரூபாய்க்குக் கொடுக்கும் திட்டம் வந்தது. அந்த விலையை அரசோ, நன்கொடையோ தாங்கிப் பிடிச்சால்தான் நிற்க முடியும். 2 ரூபாய் தப்பு என்று நான் சொல்லலை. கூலி வேலைக்குப் போகிற ஒரு வீட்டுக்கு மாசம் 150 ரூபாய் தண்ணிக்கு மட்டும் என்பது சின்னக் காசு இல்லை. அப்படிப்பட்ட சில வீடுகள் போர் தண்ணியையே குடிக்கிறதை நாங்க பார்த்தோம். விலை குறைவு என்றால் மீதியை யார் தர்றாங்க, எத்தனை வருஷத்துக்குத் தர்றாங்க என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கணும். அவ்வளவுதான் என் கருத்து.

சரி, மழைக்காலத்தில் 60 கேன்தான் போகுது. வரவு 9,000. செலவு 11,000-மும் கேன் செலவு 2,880-மும் சேர்ந்து 13,880. கிட்டத்தட்ட 4,900 ரூபாய் நஷ்டம். இப்போ நீங்கதான் அந்த அக்கா. எதை நிறுத்துவீங்க? கரண்ட் பில் கட்டலைன்னா ஃபியூஸைப் பிடுங்கிடுவாங்க. தவணை கட்டலைன்னா குழுவில் மானம் போகும். மெம்பரேனுக்கு ஒதுக்கும் பணத்தை எடுத்தால்? இன்னிக்கு யாருக்கும் தெரியாது. தண்ணி டெஸ்டை நிறுத்தினால்? அதுவும் யாருக்கும் தெரியாது. தண்ணி அதே மாதிரி கண்ணாடியா விழும். கணக்கு இடிச்சால் முதலில் கை வைப்பது கண்ணுக்குத் தெரியாத செலவில்தான். ஃப்ளோரைடும் கண்ணுக்குத் தெரியாது.

எங்க பச்சை லைட்

இந்தக் கணக்கெல்லாம் நாங்க முதல் நாளே போட்டோம் என்று நினைச்சுடாதீங்க. நாங்க போனது ஐ.ஓ.டி. வைக்க. டி.டி.எஸ். சென்சார், ஒரு இ.எஸ்.பி.32 போர்டு, மொபைல் ஆப், வெளியே ஒரு எல்.இ.டி. டி.டி.எஸ். 500-க்குக் கீழே இருந்தால் பச்சை, மேலே போனால் சிவப்பு. 500 என்பது அதே ஐ.எஸ்.10500 சொல்லும் அளவு. ரிவ்யூவில் நல்ல மார்க். அக்காவுக்கும் சந்தோஷம். "பச்சை எரியுது பாருங்க" என்று குடத்தோடு வந்தவங்களுக்குக் காட்டினாங்க. பக்கத்துத் தெருவிலிருந்து புதுசா பதினஞ்சு வீடு வந்தது.

ஆர்.ஓ. தண்ணி சப்புனு இருக்கும், உப்பெல்லாம் போயிடும் இல்லையா. அதுக்காக பிளான்ட்டில் ஒரு சின்ன வால்வு வெச்சிருப்பாங்க. அதைத் திருப்பினால் ஃபில்டர் மட்டும் ஆன போர் தண்ணி கொஞ்சம் ஆர்.ஓ. தண்ணியோடு கலக்கும். ருசி வரும். மெஷின் மாட்டின ஆள் அக்காவிடம், "சப்புனு இருக்குன்னு யாராவது சொன்னா இதைக் கொஞ்சம் திருப்புங்க" என்று சொல்லிட்டுப் போயிருக்கார். எவ்வளவு திருப்பணும் என்று சொல்லலை. கோடையில் கூட்டம், நடுவில் கரண்ட் கட். வால்வைக் கொஞ்சம் கூடத் திருப்பினால் கேன் சீக்கிரம் நிறையுது, ருசியும் நல்லா இருக்கு, எங்க லைட்டும் பச்சையா எரியுது. அவங்க ஏன் நிறுத்தணும்?

சிவில் தோழிக்கு மட்டும் ஏதோ உறுத்தல். ஒரு பாட்டிலில் சாம்பிள் எடுத்து, காலேஜ் லேபில் ஃப்ளோரைடு எலெக்ட்ரோடு வெச்சுப் பார்த்தாள். 1.65 வந்தது. நாங்க நம்பலை. திரும்பச் செய்தாள், அதேதான். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பிளஸ் டூ அளவுக் கணக்குதான் இது. போர் தண்ணி: டி.டி.எஸ். 1,300, ஃப்ளோரைடு 4.8. ஆர்.ஓ. தண்ணி: டி.டி.எஸ். 40, ஃப்ளோரைடு 0.3. ஏழு லிட்டர் ஆர்.ஓ. தண்ணியில் மூணு லிட்டர் போர் தண்ணி கலந்தால்:

டி.டி.எஸ். = (7 × 40 + 3 × 1,300) ÷ 10 = 418
ஃப்ளோரைடு = (7 × 0.3 + 3 × 4.8) ÷ 10 = 1.65

418-க்குப் பச்சை எரியும். 1.65-ஐக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. டி.டி.எஸ். மீட்டர் தண்ணியின் மின்கடத்தலை அளந்து, கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்று சொல்லும். அந்த மொத்தத்தில் ஃப்ளோரைடு எத்தனை என்று சொல்ல அதுக்குத் தெரியாது. கலப்பது ஒன்பதுக்கு ஒண்ணு என்று இருந்திருந்தால் டி.டி.எஸ். 166, ஃப்ளோரைடு 0.75, ருசியும் வந்திருக்கும், அளவுக்குள்ளும் இருந்திருக்கும். வால்வில் ஒரு கால் திருப்பு வித்தியாசம். எங்க லைட் எரிந்தது ஏழு வாரம். அந்தப் புது பதினஞ்சு வீட்டில் எத்தனை சின்னப் பசங்க என்று நான் எண்ணவில்லை. எண்ணப் பயமா இருந்தது.

அக்காவிடம் யார் சொல்வது என்று பஸ்ஸில் போகும்போது எங்களுக்குள் சண்டை. கடைசியில் நான்தான் சொன்னேன். அவங்க திட்டவில்லை. கொஞ்ச நேரம் வால்வையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம், "ஏந்தம்பி, இந்த லைட்டு ஃப்ளோரைடு எவ்ளோன்னு சொல்லாதா?" என்றாங்க.

"சொல்லாதுக்கா."

"அப்ப இது எதுக்கு எரியுது?"

என்கிட்ட பதில் இல்லை. அன்னிக்கே அவங்க லைட்டைக் கழற்றச் சொன்னாங்க. வால்வை அடைச்சாங்க. சாயங்காலம் வந்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும், "இத்தினி நாளு கலப்பு ஜாஸ்தியா இருந்துச்சு, இனிமே சப்புனுதான் இருக்கும், இதான் நல்ல தண்ணி" என்று சொல்லியே கொடுத்தாங்க. நாங்களாக இருந்திருந்தால் சத்தமில்லாமல் வால்வை மட்டும் திருப்பிட்டுப் போயிருப்போம். அந்த மாசம் விற்பனை 120-லிருந்து 75-க்கு இறங்கியது. பாதிப் பேர் திரும்பி வந்தாங்க, மீதிப் பேர் வரலை. தவணைக்கு அவங்க தம்பியிடம் கைமாற்று வாங்கினதாக அப்புறம் தெரிந்தது.

மத்தவங்க இதை எப்படிச் சமாளிச்சாங்க

இந்த அடி வாங்கின பிறகுதான் நாங்க லைப்ரரியில் உட்கார்ந்து மத்த ஊர்களைப் படிச்சோம். முன்னாடியே படிச்சிருக்கணும்.

ஃப்ளோரைடு என்றாலே தெலங்கானாவின் நல்கொண்டாதான் நினைவுக்கு வரும். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃப்ளோரைடை வண்டலாக்கி இறக்கும் முறைக்கே 'நல்கொண்டா முறை' என்று பெயர். நாக்பூரின் நீரி ஆய்வகம் 1970-களில் உருவாக்கியது. கரண்ட், மெம்பரேன் எதுவும் வேண்டாம், விலை மலிவு. ஆனால் தினமும் அளவாகப் போட்டு, கலக்கி, வண்டலை அள்ளிக் கொட்ட ஒரு ஆள் வேணும். அளவு தப்பினால் தண்ணியில் அலுமினியம் தங்கும். அங்கேயும் கேள்வி ஆளைப் பற்றியதாகத்தான் வந்து நிற்குது. அப்புறம் அந்தப் பகுதி முழுக்க ஆர்.ஓ. பிளான்ட்டுகள் வந்தன. ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் சேர்ந்து தொடங்கிய சேஃப் வாட்டர் நெட்வொர்க் தெலங்கானாவில் 'ஐஜல்' என்ற பெயரில் ஊர்களில் நிலையங்கள் வெச்சது. பல நிலையங்களை மகளிர் குழுக்கள் நடத்தறாங்க. 2016-ல் தொடங்கி வைத்த மிஷன் பகீரதா வழியா ஆற்றுத் தண்ணியும் குழாயில் வர ஆரம்பிச்சது. குழாய் சரியாக வந்தால் கேன் வியாபாரம் குறையும். குறையட்டும், அது நல்ல சேதிதான். ஆனால் கடன் எடுத்து பிளான்ட் போட்டவங்க அதையும் கணக்கில் வெச்சிருக்கணும்.

எனக்குப் பிடிச்சது கம்போடியா. அங்கே 2004-லிருந்து '1001 ஃபான்டெய்ன்ஸ்' என்று ஒரு அமைப்பு கிராமத்துக்கு ஒரு சின்னத் தண்ணி நிலையம் வைக்குது. அந்த நாட்டில் பல இடத்தில் நிலத்தடித் தண்ணியில் ஆர்செனிக். குளம், ஆற்றுத் தண்ணியில் அது பிரச்சனை இல்லை, கிருமிதான் பிரச்சனை. அதனால் ஆர்.ஓ.வைத் தொடாமல், வடிகட்டி, யு.வி. காட்டி, 20 லிட்டர் பாட்டிலில் வீட்டுக்கே கொண்டு போறாங்க. ஊர்க்காரர் ஒருத்தர் அதை நடத்தி வருமானம் பார்க்கிறார். வருமானத்தில் ஒரு பங்கைச் சேவைக் கட்டணமாக நடுவில் இருக்கும் குழுவுக்குக் கட்டணும். அதுக்குப் பதிலா அந்தக் குழு தண்ணியை டெஸ்ட் பண்ணும், ரிப்பேருக்கு ஆள் அனுப்பும். ராஜஸ்தானில் 2008-ல் தொடங்கிய சர்வஜல் கூட இந்த வழியில்தான் போனது. ஊர்க்காரர் ஃபிரான்சைஸ் எடுப்பார், மெஷின் எப்படி ஓடுது என்று தூரத்திலிருந்தே பார்க்க ஒரு கருவியை வெச்சாங்க.

நாங்க கவனிச்சது இதுதான்: நடத்தறவர் தனியா இல்லை. டெஸ்ட் செலவும் ரிப்பேரும் அவர் கல்லாப்பெட்டியை மட்டும் நம்பி இல்லை. மழை மாசத்தில் விற்பனை இறங்கினாலும் டெஸ்டை நிறுத்தற முடிவு அவர் கையில் இல்லை. நம்ம அக்காவுக்குப் பின்னாடி யாரும் இல்லை. ஒரு ஊருக்கு ஒரு பிளான்ட் என்று தனித்தனியா வைக்காமல், பத்துப் பன்னிரண்டு ஊர் பிளான்ட்டுகள் சேர்ந்து, கேனுக்கு இருபத்தஞ்சு பைசா ஒரு பொதுக் கணக்கில் போட்டால் என்ன ஆகும்? நாளைக்கு நூறு கேன் என்றால் ஒரு பிளான்ட்டிலிருந்து மாசம் 750 ரூபாய், பத்துக்கு 7,500. ஊர் ஊராகப் போய் டெஸ்ட் பண்ண, வால்வைப் பார்க்க, ஒரு பகுதி நேர டெக்னீஷியனுக்கு அது காணும். இது எங்க யோசனை மட்டும்தான், இன்னும் எந்த ஊரிலும் போட்டுப் பார்க்கவில்லை. அக்கா ரெண்டு பக்கத்து ஊர்க் குழுக்களிடம் பேசிட்டு இருக்காங்க.

இப்போதைக்கு என்ன செய்திருக்கோம் என்றால், ஆப்பைத் தூக்கிட்டோம். ஒரு நீளமான நோட்டு. தேதி, எத்தனை கேன், மீட்டர் ரீடிங், பம்ப் பிரஷர், வால்வு எந்தக் கோட்டில் இருக்கு. வால்வில் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டாதபடி ஒரு நட்டு முடுக்கினது மெக்கானிக்கல் நண்பன். அவன் இந்த ப்ராஜெக்ட்டில் செய்ததிலேயே உருப்படியானது அதுதான் என்று அவனே சொல்றான். வாரம் ஒரு தடவை ஃப்ளோரைடு ஃபீல்டு கிட். ஜல் ஜீவன் மிஷனில் ஒவ்வொரு ஊரிலும் அஞ்சு பெண்களுக்குத் தண்ணி சோதிக்கப் பயிற்சி கொடுக்க வழி இருக்கு, அந்த ஊரில் அப்படிப் பயிற்சி எடுத்த ஒரு பொண்ணு டிப்ளமோ படிக்குது. கலர் பார்த்து நோட்டில் எழுதறது அதுதான், அக்கா இல்லை. விற்கிறவங்களே மார்க் போடக் கூடாது என்று அக்காதான் சொன்னாங்க. மாசம் ஒரு சாம்பிள் நம்ம லேபுக்கு வரும். போன நாலு மாசமும் 0.8-க்குக் கீழே.

வைவாவில் ஒரு சார் கேட்டார், "இதில் இன்ஜினியரிங் எங்கே இருக்கு? நோட்டுப் போடத்தான் நாலு வருஷம் படிச்சீங்களா?" மார்க் குறைந்தது உண்மை. ஜூனியர்ஸ், அதையும் தெரிஞ்சுகிட்டே வாங்க.

வாங்க என்று ஏன் சொல்றேன் என்றால், நாங்க மே மாசம் கிளம்பிடுவோம். மாசா மாசம் லேபில் டெஸ்ட் பண்ண ரெண்டு பேர் வேணும். சாம்பிள் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் எடுக்கணும், கண்ணாடி வேண்டாம், அதே தண்ணியில் மூணு தடவை அலசிட்டு எடுக்கணும். எலெக்ட்ரோடை எப்படி வைக்கிறது என்று தோழி சொல்லித் தருவாள். அதோடு நாங்க முடிக்காத வேலை ஒண்ணு இருக்கு. ஆயிரம் லிட்டர் போர் தண்ணி உள்ளே போனால் ஐநூறு வெளியே வேஸ்ட்டாப் போகுது. அந்த ஐநூறில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 9.3 மில்லிகிராம் இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்க, அதேதான் வரும். இப்போ அது ஷெட்டுக்குப் பின்னாடி ஒரு குழியில் இறங்குது. போரிலிருந்து அந்தக் குழி நாற்பது அடி. பாத்திரம் கழுவ, கட்டிட வேலைக்கு என்று கொஞ்சம் எடுத்தாலும் மீதி மண்ணுக்குள்ளதான் போகுது. போன தடவை நாங்க கிளம்பும்போது அக்கா அந்தக் குழிப் பக்கம் நின்னு கேட்டாங்க, "இது கீழ போயி மறுபடி நம்ம போருக்கே வராதா தம்பி?"

அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை போறோம். காலேஜ் வாசலில் காலை ஆறரை பஸ்.